பெண்களின் சிறுநீர்ப்பைக் கோளாறும் ஸ்கான் பரிசோதனையின் எல்லையும்

உயிருக்கு ஆபத்தை விளைவிக்காத நோய்கள் சில, அக்காரணத்தினாலேயே எவரது கவனத்தையும் பெறாமற் போய்விடுகின்றன. பெண்களிடையே பரவலாகக் காணப்படும் சிறுநீர்ப்பைக் கோளாறு அவ்வகையைச் சேர்ந்தது. திடீரென அடக்க முடியாத அளவுக்குச் சிறுநீர் முட்டுதல், பகலில் பல தடவைகள் மலசலகூடத்தை நாட நேர்தல், இரவில் அதற்காகவே உறக்கம் கலைந்து எழுதல், சில வேளைகளில் சென்றடைவதற்கு முன்னரே சிறுநீர் கசிந்து விடுதல் என்பன இதன் அறிகுறிகளாகும். நீண்ட தூர பஸ் பயணத்தைத் தவிர்க்கும் பெண்கள் இருக்கின்றனர். திருமண வீட்டுக்கோ கோவில் திருவிழாவுக்கோ செல்லும்போது மலசலகூடம் எங்கே இருக்கின்றது என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கின்றனர். வெளியே புறப்படும் நாட்களில் தாகமெடுத்தாலும் தண்ணீர் அருந்தாமல் இருப்பவர்களும் உளர். இவர்களுள் பெரும்பாலானோர் இதனைத் தாயிடமோ கணவரிடமோ கூடச் சொல்வதில்லை. வயது போனால் இப்படித்தான் என்றும், பிள்ளை பெற்ற உடம்பு என்றும் தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொள்கின்றனர்.

இது அரிதான கோளாறு அல்ல. கனடா, ஜேர்மனி, இத்தாலி, சுவீடன், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளில் 19,000 இற்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பெண்களில் 12.8 சதவீதத்தினரும் ஆண்களில் 10.8 சதவீதத்தினரும் இவ்வறிகுறிகளைக் கொண்டிருந்தமை தெரியவந்தது. அதாவது எட்டுப் பெண்களில் ஏறத்தாழ ஒருவர்.

இத்தகைய பெண்ணொருவர் கூச்சத்தை விட்டு மருத்துவரை நாடும்போது, அவரும் அவரது குடும்பத்தினரும் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு ஸ்கான் பரிசோதனையையாகும். கருவிலுள்ள சிசுவையே காட்டும் கருவி, சிறுநீர்ப்பையில் என்ன கோளாறு என்பதைக் காட்டாதா என்பது நியாயமான கேள்வியே. மருத்துவ உலகமும் இதே கேள்வியை எழுப்பி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு விடை தேடியிருக்கின்றது. அத்தேடல் எங்கே சென்று முடிந்தது என்பதை அறிந்திருப்பது, வீண் செலவிலிருந்தும் வீண் ஏமாற்றத்திலிருந்தும் பலரைக் காப்பாற்றும்.

நோயின் இயல்பு

சிறுநீர்ப்பை என்பது தசையாலான ஒரு பை. வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளக்கூடியது. சிறுநீரகங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துசேரும் சிறுநீரை ஏற்று விரிந்து கொடுப்பதும், உரிய வேளையில் சுருங்கி அதனை வெளியேற்றுவதும் அதன் இரு கடமைகள். சுவரில் உள்ள டெட்ரூசர் என்னும் தசை, நிரம்பும் வேளையில் தளர்ந்திருக்க வேண்டும். வாயிலில் உள்ள இறுக்கித் தசை அவ்வேளையில் இறுகி மூடியிருக்க வேண்டும். வெளியேற்றும்போது இவ்விரண்டின் தொழிலும் மாறுகின்றது. இந்த ஒழுங்கை மூளையும் முண்ணாணும் நரம்புகளும் சேர்ந்து நிர்வகிக்கின்றன.

நிரம்பி முடியும் முன்னரே டெட்ரூசர் தசை தன்னிச்சையாகச் சுருங்கத் தொடங்கினால், அடக்க முடியாத அவசரம் ஏற்படுகின்றது. இதனையே தசையின் மிகையியக்கம் என மருத்துவர்கள் கூறுவர். இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். சர்வதேச அமைப்பான சிறுநீர் அடக்கச் சங்கம் 2002 ஆம் ஆண்டில் வகுத்த வரைவிலக்கணத்தின்படி, மிகையியக்கச் சிறுநீர்ப்பை என்பது நோயாளர் கூறும் அறிகுறிகளின் தொகுதிக்கு இடப்பட்ட பெயர். திடீர் அவசரமே அதன் அடிப்படை. கிருமித் தொற்றோ வேறு வெளிப்படையான நோயோ இல்லாதிருத்தலும் அவசியம். தசையின் மிகையியக்கமோ, கருவி கொண்டு அளந்து காணப்படும் ஒன்று. அறிகுறிகள் உள்ள எல்லாப் பெண்களிடமும் அளவீட்டில் மிகையியக்கம் தென்படுவதில்லை. அளவீட்டில் தென்படும் எல்லோருக்கும் தொல்லை இருப்பதுமில்லை. ஸ்கான் பற்றிய விவாதம் முழுவதற்கும் இந்த வேறுபாடே திறவுகோலாகும்.

அவசரத்தினால் ஏற்படும் கசிவையும், இருமும்போதோ தும்மும்போதோ பாரம் தூக்கும்போதோ ஏற்படும் கசிவையும் பிரித்தறிவதும் முக்கியமானது. பின்னையது இடுப்புத்தளத் தசைகளினதும் வாயிலினதும் பலவீனத்தால் வருவது. அதற்குச் சத்திரசிகிச்சை ஒரு தீர்வாகலாம். முன்னையதற்கு அந்தச் சத்திரசிகிச்சை பயன்தராது என்பது மட்டுமன்றி, சிலருக்கு அவசர உணர்வை மேலும் கூட்டியும் விடக்கூடும். பல பெண்களிடம் இவ்விரண்டும் கலந்தே இருப்பதால், எது மேலோங்கியிருக்கின்றது என்பதைச் சரியாகக் கண்டறிவது அவசியமாகின்றது.

குழாய்ப் பரிசோதனைக்கு மாற்று

தசையின் மிகையியக்கத்தை நேரடியாக அளப்பதற்குரிய பரிசோதனை, சிறுநீர் இயக்கவியல் பரிசோதனை எனப்படுவதாகும். சிறுநீர் வழியினூடாக மெல்லிய கதீற்றர் குழாயொன்றைச் செலுத்தி, உப்புநீரால் சிறுநீர்ப்பையை மெதுவாக நிரப்பி, உள்ளே ஏற்படும் அழுத்தத்தைப் பதிவு செய்வர். வயிற்றின் அழுத்தத்தைக் கழித்துப் பார்ப்பதற்காக மலவாயிலோ யோனியிலோ இன்னொரு குழாயும் வைக்கப்படும். அந்நிலையிலேயே இருமச் சொல்வர், பின்னர் சிறுநீர் கழிக்கச் சொல்வர். பரிசோதனையின் பின் சிலருக்கு எரிவும் கிருமித் தொற்றும் ஏற்படுவதுண்டு. இயல்பாகவே இது பற்றிப் பேசக் கூசும் ஒரு பெண்ணுக்கு இப்பரிசோதனை எத்துணைச் சங்கடமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கான கருவியும் பயிற்சி பெற்றோரும் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதுமில்லை.

இந்நிலையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கவர்ச்சியான மாற்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. மனிதக் காதுக்கு எட்டாத, செக்கனுக்கு 20,000 இற்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கொண்ட கழியொலி அலைகளை உடலினுள் செலுத்தி, உறுப்புகளின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவதே இக்கருவியின் தத்துவம். எக்ஸ்ரே போன்று கதிர்வீச்சு இல்லை. ஊசியில்லை, வலியும் பெரும்பாலும் இல்லை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேராசிரியர் இயன் டொனால்டும் அவரது சகாக்களும் வயிற்றுக் கட்டிகளை இம்முறையால் ஆராய்ந்து 1958 ஆம் ஆண்டில் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து பெண்நோயியலில் இதன் பயன்பாடு வளர்ந்து வந்தது.

1990களில் லண்டன் மருத்துவர்கள் சிலர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். உடற்பயிற்சி செய்பவரின் கைத்தசை தடிப்பது போன்று, மூடிய வாயிலுக்கு எதிராக மீண்டும் மீண்டும் சுருங்கும் சிறுநீர்ப்பைத் தசையும் தடிக்க வேண்டுமல்லவா? அவ்வாறெனில், சுவரின் தடிப்பை ஸ்கான் மூலம் அளந்தால் குழாய் இன்றியே மிகையியக்கத்தைக் கண்டறியலாம். சிறுநீர்ப்பையை வெறுமையாக்கிய பின், யோனி வழியாக ஸ்கான் கருவியின் முனையைச் செலுத்தி, சிறுநீர்ப்பைச் சுவரை மூன்று இடங்களில் அளந்து, சராசரியை எடுக்கும் முறை உருவாக்கப்பட்டது.

1996 ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வில் 180 பெண்கள் பங்குபற்றியிருந்தனர். சராசரித் தடிப்பு 5 மில்லிமீற்றருக்கு மேல் இருப்பதை எல்லையாகக் கொண்டபோது, மிகையியக்கம் உள்ளவர்களில் 84 சதவீதத்தினரை ஸ்கான் சரியாக இனங்கண்டது. மிகையியக்கம் இல்லாதவர்களில் 89 சதவீதத்தினரை இல்லை என்று சரியாகவே விலக்கியது. ஒரு புதிய பரிசோதனைக்கு இவை மிகச் சிறந்த எண்கள். ஐந்து மில்லிமீற்றர் என்ற அளவு மருத்துவ மாநாடுகளில் பேசப்படலாயிற்று. தொடர்ந்து பல நாடுகளில் சிறு ஆய்வுகள் நடைபெற்றன. சில ஆதரவாகவும் சில எதிராகவும் முடிந்தன. அளக்கும் முறையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டது.

22 மருத்துவமனைகள் அளித்த விடை

இந்த ஐயத்தை ஒரேயடியாகத் தீர்ப்பதற்காகப் பிரித்தானியாவில் பெரியதோர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பேர்மிங்ஹாம் நகர ஆய்வாளர்களின் தலைமையில், 22 மருத்துவமனைகளைச் சேர்ந்த 687 பெண்கள் இதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அனைவரும் மிகையியக்கச் சிறுநீர்ப்பையின் அறிகுறிகளையோ, அவசரக் கசிவு மேலோங்கிய கலப்பு அறிகுறிகளையோ கொண்டவர்கள். ஸ்கான் மூலம் சுவரின் தடிப்பு அளக்கப்பட்டது. அவ்வளவை அறியாத மருத்துவர்கள் குழாய்ப் பரிசோதனையைச் செய்தனர். ஒன்றின் முடிவு மற்றையதன் மீது செல்வாக்குச் செலுத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. அரசாங்க நிதியுதவியுடன் நடைபெற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2016 ஆம் ஆண்டில் முழுமையாக வெளியாகின.

விடை ஏமாற்றமளித்தது. அதே 5 மில்லிமீற்றர் எல்லையை வைத்துப் பார்த்தபோது, மிகையியக்கம் உள்ளவர்களில் 43 சதவீதத்தினரை மாத்திரமே ஸ்கான் இனங்கண்டது. மிகையியக்கம் இல்லாதவர்களில் 62 சதவீதத்தினரையே சரியாக விலக்கியது.

இந்த எண்களைச் சற்று விரித்து நோக்குவோம். தசை மிகையியக்கம் உள்ள நூறு பெண்களையும், அது இல்லாத நூறு பெண்களையும் எடுத்துக்கொள்வோம். முதல் நூறு பேரில் 43 பேருக்குச் சுவர் தடித்திருக்கின்றது என்று கருவி சொல்கின்றது. இரண்டாவது நூறு பேரில் 38 பேருக்கும் அதனையே சொல்கின்றது. 43 இற்கும் 38 இற்கும் இடையில் என்ன பெரிய வேறுபாடு? ஸ்கான் அறிக்கையில் சுவர் தடித்துள்ளது என்று எழுதப்பட்டிருந்தாலும், இல்லை என்று எழுதப்பட்டிருந்தாலும், அப்பெண்ணைப் பற்றி மருத்துவர் முன்னர் அறிந்திருந்ததை விட ஏறக்குறைய எதுவும் கூடுதலாக அறிந்துவிடவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சற்று மேலான நிலை இது. எல்லையை ஐந்திலிருந்து கூட்டியும் குறைத்தும் பார்த்தும் பயன் கிட்டவில்லை. இம்முறையை வழமையான மருத்துவத்தில் சேர்த்துக்கொள்வதற்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தனர்.

முதல் நம்பிக்கை ஏன் பொய்த்தது?

84 சதவீதம் 43 சதவீதமாக வீழ்ந்ததற்கு எவரும் பொய்யுரைத்தது காரணமல்ல. மருத்துவப் பரிசோதனைகள் பலவற்றுக்கு நேர்வதே இது. ஓர் இடத்தில், அம்முறையைக் கண்டுபிடித்து அதில் கைதேர்ந்தவர்களே அளக்கும்போது கிடைக்கும் பெறுபேறு, பல மருத்துவமனைகளில் பலரும் அளக்கும்போது கிடைப்பதில்லை. ஒரு தொகுதி நோயாளரின் அளவுகளைப் பார்த்துவிட்டு வகுக்கப்படும் எல்லை, அத்தொகுதிக்கு அழகாகப் பொருந்தும். வேறு தொகுதிக்குப் பொருந்துமென்று சொல்ல முடியாது.

அளவிடப்படும் பொருளிலும் சிக்கல் உண்டு. காற்று ஊதப்படும் பலூனைப் போன்று, சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அதன் சுவர் மெலிகின்றது. எஞ்சியிருக்கும் சிறுநீரின் அளவு சற்று மாறினாலும் தடிப்பு மாறிவிடும். சுவரில் தசை மட்டும் இல்லை. உள்ளே மென்சவ்வும் வெளியே இணைப்பிழையமும் இருக்கின்றன. அளவுகோலின் முனையைத் திரையில் எந்தக் கோட்டில் வைப்பது என்பதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும், ஐந்து மில்லிமீற்றர் அளவிலே அது ஐந்தில் ஒரு பங்குப் பிழையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடிப்படைக் கருதுகோளே எல்லோருக்கும் பொருந்துவதாக இல்லை. பல பெண்களின் சிக்கல் தசையின் பருமனில் இல்லாமல், சிறுநீர்ப்பையின் உட்சவ்விலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வுச் செய்திகளில் இருக்கக்கூடும் என இன்று கருதப்படுகின்றது. உணர்வின் தீவிரத்தைச் சுவரின் தடிப்பு எவ்வாறு காட்டும்?

இத்தகைய ஆய்வை ஒரு தோல்வியாகக் கருதுவது தவறு. பயனற்ற பரிசோதனை ஒன்று ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்படுவதற்கு முன்னரே அது பயனற்றது என்று நிறுவப்பட்டமை, பயனுள்ள ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறையாத சேவையாகும்.

குழாய்ப் பரிசோதனையும் கேள்விக்குள்ளானது

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. ஸ்கான் எந்தக் குழாய்ப் பரிசோதனையோடு ஒப்பிடப்பட்டதோ, அதனையே பின்னர் ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தினர். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 63 பிரித்தானிய மருத்துவமனைகளில் 1,099 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2025 ஆம் ஆண்டில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியானது. பயிற்சிகளாலும் மாத்திரைகளாலும் குணம் காணாது, அடுத்த கட்டச் சிகிச்சையை எதிர்நோக்கியிருந்த பெண்கள் இவர்கள். ஒரு பிரிவினருக்கு விரிவான மருத்துவ விசாரணையுடன் குழாய்ப் பரிசோதனையும் செய்யப்பட்டது. மற்றைய பிரிவினருக்கு விசாரணையும் உடற்பரிசோதனையும் மாத்திரமே. சிகிச்சையின் பின் தமது நிலை நன்கு முன்னேறியுள்ளதாகக் கூறியோரின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. குழாய்ப் பரிசோதனை செய்யப்பட்டதால் அப்பெண்கள் கூடுதல் நன்மை அடைந்ததாகக் காணப்படவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மிகையியக்கச் சிறுநீர்ப்பை என்பது பெண்ணொருவர் அனுபவிக்கும் தொல்லை. அதனைக் கண்டறிவதற்குரிய முதன்மையான கருவி அவரது வாய்மொழியே. அதனைப் பொறுமையுடன் கேட்பதற்கு மருத்துவரிடம் நேரமும் மனமும் இருக்க வேண்டும்.

ஸ்கான் உண்மையில் உதவும் இடங்கள்

அவ்வாறாயின் இக்கோளாறு உள்ள பெண்களுக்கு ஸ்கான் முற்றிலும் தேவையற்றதா என்றால், அவ்வாறும் கொள்ளலாகாது. மிகையியக்கத்தை உறுதிப்படுத்த அது உதவாது. ஆனால், அதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கக்கூடிய வேறு நோய்களை விலக்குவதற்கு அது உதவும்.

முதலாவது, சிறுநீர் கழித்த பின்னரும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை அறிதல். முழுமையாக வெறுமையாகாத சிறுநீர்ப்பை விரைவில் மீண்டும் நிரம்பி, அடிக்கடி செல்ல வேண்டிய நிலையை ஏற்படுத்தும். கருப்பை இறக்கம் உள்ளவர்கள், நீண்டகால நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகுபவர்கள் ஆகியோரிடம் இதனைப் பார்ப்பது அவசியம். முன்னர் இதற்குக் குழாய் செலுத்த வேண்டியிருந்தது. இன்று வயிற்றின் மேல் வைக்கப்படும் சிறிய ஸ்கான் கருவியைக் கொண்டு தாதியர் ஒருவரே சில நிமிடங்களில் அளந்துவிடலாம். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதனை 0.52 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மில்லிலீற்றரில் அளவு கிடைக்கும். சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னர் சில பெண்களிடம் இவ்வளவை அறிந்திருப்பது ஆபத்தைத் தவிர்க்கும். ஏற்கனவே வெறுமையாகத் தயங்கும் பையை அம்மருந்து முற்றாக அடைத்துவிடவும் கூடும்.

இரண்டாவது, சிறுநீர்ப்பையினுள் கல்லோ கட்டியோ இருக்கின்றதா என்பதைப் பார்த்தல். சிறுநீரில் இரத்தம் கலந்திருந்தால் ஸ்கானுடன் நில்லாது, குழாய்க் கமரா மூலம் உள்ளே பார்ப்பதும் பெரும்பாலும் தேவைப்படும்.

மூன்றாவது, சிறுநீர்ப்பைக்கு வெளியே இருந்து அதனை அழுத்தும் கருப்பைத் தசைக் கட்டி, சூலகக் கட்டி போன்றவற்றைக் கண்டறிதல். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணொருவருக்குப் புதிதாகச் சிறுநீர் அவசரம் தோன்றி, அத்துடன் வயிறு ஊதுதல், சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி என்பன தொடர்ந்து இருக்குமானால் சூலகப் புற்றுநோயையும் மனத்திற் கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் அவ்வேளையில் தாமதிக்கப்படலாகாது.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார, பராமரிப்புச் சிறப்பு நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையொட்டியே அமைந்துள்ளது. சிறுநீர்க் கசிவை மதிப்பிடுகையில், எஞ்சிய சிறுநீரின் அளவைக் காண்பதற்கன்றி வேறெதற்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானைப் பயன்படுத்த வேண்டாம் என அது அறிவுறுத்துகின்றது. மேலே கூறிய கட்டிகள் பற்றிய சந்தேகம் வேறு விடயம்.

மறுபுறத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஸ்கான் அறிக்கையில் எல்லாம் இயல்பாக உள்ளது என்று வந்துவிட்டால், உனக்கு ஒன்றுமில்லை என்று அப்பெண்ணை அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களிலும் உண்டு. வீட்டாரும் அதனைப் பற்றிக்கொள்வர். இயல்பான ஸ்கான் என்பது கல்லும் கட்டியும் தென்படவில்லை என்பதை மாத்திரமே கூறுகின்றது. இரவில் நான்கு தடவை எழுந்திருக்கும் பெண்ணின் தொல்லையை அது பொய்யாக்கிவிடாது.

மூன்று நாட் குறிப்பேடு

விலையுயர்ந்த கருவிகள் தராத தகவலை ஒரு கொப்பியும் பென்சிலும் அளவுக் கோப்பையும் தரக்கூடும். குறைந்தது மூன்று நாட்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு அருந்தினோம், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழித்தோம், அவசரம் இருந்ததா, கசிவு ஏற்பட்டதா என்பவற்றைக் குறித்து வர வேண்டும். வேலை நாளும் ஓய்வு நாளும் அதில் அடங்கியிருத்தல் நல்லது.

இக்குறிப்பை வாசிக்கத் தெரிந்த மருத்துவருக்குப் பல விடயங்கள் ஒரே பார்வையில் புலப்படும். ஒவ்வொரு தடவையும் சிறிதளவே வெளியேறி, மொத்த அளவு சாதாரணமாக இருந்தால் மிகையியக்கச் சிறுநீர்ப்பையை எண்ணலாம். ஒரு நாளின் மொத்த அளவே 2.8 லீற்றரைத் தாண்டினால், கோளாறு சிறுநீர்ப்பையில் இல்லாதிருக்கலாம். அளவுக்கு மீறி நீர் அருந்துதலோ கட்டுப்பாடற்ற நீரிழிவோ காரணமாகலாம். இரவில் மாத்திரம் அளவு மிகுந்தால் கால் வீக்கம், இருதய நோய், உறக்கக் கோளாறு ஆகியவற்றை நோக்க வேண்டும். இத்துடன் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையைச் சேர்த்துக்கொண்டால், கிருமித் தொற்றும் இரத்தமும் சீனியும் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான பெண்களுக்குச் சிகிச்சையைத் தொடங்குவதற்கு இவ்வளவு போதுமானது.

சிகிச்சையும் எளிமையிலிருந்தே தொடங்குகின்றது. தேநீர், கோப்பி, கோலா வகைப் பானங்களைக் குறைத்தல், உடற்பருமன் மிக்கவர்கள் எடையைக் குறைத்தல், மலச்சிக்கலைச் சீர்செய்தல் என்பன முதற்படி. அவசரம் ஏற்பட்டவுடன் ஓடாமல், இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிச் சில நிமிடங்கள் பொறுத்து, இடைவெளியை வாரத்துக்கு வாரம் கூட்டிச் செல்லும் சிறுநீர்ப்பைப் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரங்களுக்குச் செய்ய வேண்டும். அதன் பின்னரும் குணமில்லையெனில் மாத்திரைகள் உள்ளன. அவற்றுள் ஒரு வகையினால் வாய் உலர்தலும் மலச்சிக்கலும் ஏற்படுவதுண்டு. முதியோரின் நினைவாற்றலை அவை பாதிக்கக்கூடும் என்பதால் கவனமாகவே கொடுக்க வேண்டும். மாத்திரைகளும் பயனளிக்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பைச் சுவரில் பொட்டுலினம் நச்சை ஊசி மூலம் செலுத்துதல், நரம்புத் தூண்டல் முதலிய சிகிச்சைகள் விசேட நிலையங்களில் செய்யப்படுகின்றன.

நம் நாட்டுக்குரிய பாடம்

பிரித்தானியாவில் நிகழ்ந்த ஆய்வுகள் இவை. எனினும், இவற்றின் பாடம் நமக்கும் உரியது. மக்களின் மனத்தில் ஸ்கானுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கின்றது. நாடி பார்த்து, கேள்வி கேட்டு, மருந்து எழுதும் மருத்துவரை விட, ஸ்கான் எடுக்கச் சொல்லும் மருத்துவரே கெட்டிக்காரர் என்று எண்ணுவோர் பலர். தனியார் மருத்துவமனைகளில் அதற்குரிய பணத்தை நகையை அடகு வைத்தேனும் கட்டிவிடுகின்றனர். ஸ்கான் எதற்காக எடுக்கப்படுகின்றது, அதன் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றப்போகின்றது என்று கேட்பதற்கு நோயாளருக்கு உரிமையுண்டு. விடை தெளிவாக இருந்தால் எடுத்துக்கொள்வோம். யோனி வழி ஸ்கான் என்றால், அது என்னவென்று முன்கூட்டியே விளக்குவதும், சம்மதம் பெறுவதும், பெண் உதவியாளர் ஒருவர் அருகில் இருப்பதும் கட்டாயமான மரியாதைகளாகும். திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலிருந்து செய்யும் ஸ்கானே உகந்தது.

ஆனால், வயிற்று ஸ்கானிலும் ஒரு முரண்பாடு இருக்கின்றது. அதற்காகத் தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வது வழக்கம். நிரம்பிய சிறுநீர்ப்பையினூடாகக் கருப்பையும் சூலகமும் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். அடக்க முடியவில்லை என்ற முறைப்பாட்டுடன் வந்தவரை மணிக்கணக்கில் வாங்கில் அடக்கிக்கொண்டு உட்கார வைப்பது கொடுமையாகும். இத்தகையோருக்கு வரிசையில் முன்னுரிமை கொடுப்பதற்குப் பணமோ கருவியோ தேவையில்லை.

நமது நாட்டின் இலவச சுகாதார சேவைக்கு ஒரு பெரும் பலம் உண்டு. கிராமம் தோறும் வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், 1996 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களும் அப்பலத்தின் இரு தூண்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்காக அங்கு பெண்கள் பரிசோதிக்கப்படுகின்றனர். சிறுநீரை அடக்குவதில் உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா என்ற ஒரு கேள்வி அங்கு தவறாது கேட்கப்படுமானால், பல ஆண்டுகளாக வாய் திறவாதிருக்கும் பெண்கள் பலர் அன்றே வாய் திறப்பர். தாமாகச் சொல்லக் கூசுவோரும், கேட்டால் சொல்லிவிடுவர்.

பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் பாடசாலைகளிலும் பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தக்கூடிய சுத்தமான மலசலகூடங்களை அமைப்பதும் இந்நோய்க்குரிய மருத்துவத்தின் ஒரு பகுதியே. அது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை.

சுவரின் தடிப்பை மில்லிமீற்றர் கணக்கில் அளந்து நோயைக் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை, இருபது ஆண்டுகளின் பின் கைவிடப்பட வேண்டியதாயிற்று. எஞ்சி நிற்பது மிகப் பழைமையான வழிமுறையே: நோயாளர் சொல்வதைக் கேட்பது, கேட்டதை நம்புவது, நம்பியதைக் குறிப்பேட்டின் துணையுடன் ஆராய்வது. இவ்வழிமுறைக்கு மின்சாரம் தேவையில்லை, தவணை முறையில் கடனும் தேவையில்லை. மருத்துவர்கள் கேட்பதற்கு ஐந்து நிமிடங்களைக் கூடுதலாக ஒதுக்குவதும், பெண்கள் வெட்கத்தை விலக்கி அந்த ஐந்து நிமிடங்களைப் பயன்படுத்துவதும், வீட்டிலுள்ளோர் அவர்களை ஏளனம் செய்யாதிருப்பதுமே இன்றைய தேவையாகும்.